அளவுக்கு நிற்பவன்

வரைபடத்தில் ஒருவன் நின்றிருந்தான்.
முகம் இல்லை. கால்சட்டைப் பைக்குள் ஒரு கை.
யார் இது என்றேன்.
யாருமில்லை, அளவுக்கு, என்றார் ஆல்வின் ராஜசிங்.
சுவர் எவ்வளவு உயரம் என்று தெரிய
ஒருத்தனை நிற்க வைப்பது வழக்கமாம்.

ஆரல்வாய்மொழிக் கணவாய்க்குக் கீழே
பதினோரு சென்ட்.
மூன்று பக்கம் காற்றாலை, ஒரு பக்கம் ரயில்.
ஆஸ்பத்திரி இருட்டறையில் இருபத்தாறு வருசம்
எக்ஸ்ரே எடுத்த காசு.

வீடு என்று இதுவரை கட்டியதெல்லாம்
மாமியாருக்கும் பத்தாயத்துக்கும்
வரப்போகும் மருமகனுக்கும் கட்டியது,
இது ஒற்றை உயிருக்கு, என்று சொல்லும்போது
அவர் கண் கலங்கிவிட்டது.
மூலையே கிடையாது.
நடுத்தூணைப் பற்றிக்கொண்டு
காற்றுக்கு முகம் கொடுத்து மெல்லத் திரும்பும்.
சுவரெல்லாம் கண்ணாடி.
அதை மட்டும் வேண்டாம் என்றேன்.
நாள் பூரா ஆட்களை ஊடுருவிப் பார்த்தவள் நான்.
மூச்சைப் பிடிங்க.
அசையாதீங்க.
விடுங்க.
எலும்புக்குள் எல்லாரும் ஒன்று என்பது
பார்க்காதவர்கள் சொல்வது.
பூதப்பாண்டிக்காரர் ஒருவருக்குப்
பதின்மூன்றாவது விலா இருந்தது, வலப்பக்கம் மட்டும்.
அறுபது வருசம் அவருக்கே தெரியாது.

பஞ்சாயத்துப் படிவத்தில்
குடும்பத் தலைவர்: ஞானமிர்தம்.
உறுப்பினர்கள்: ஞானமிர்தம்.
தலைவாசல் நோக்கும் திசை:
ஆடியில் மேற்கு, ஐப்பசியில் வடகிழக்கு.
கிளார்க் பேனாவை மூடி வைத்தார்.

வெல்டர் ஏசாயா அடியில் மல்லாந்து படுத்து
பேரிங்கைத் தட்டிப் பார்த்தபடி கேட்டான்:
எக்கா, வீடு திரும்பட்டு.
செப்டிக் டேங்கும் கூடத் திரும்புமாக்கும்?
ஆல்வின் மூன்று வாரம் அந்தப் பக்கமே வரவில்லை.
வந்தபோது குழாய்க்கு ஒரு சுழல்மூட்டு
வரைந்து கொண்டுவந்தார்.

ஆனிக் கடைசியில் குடி வந்தேன்.
முதல் காற்றில் முனகிக்கொண்டே வீடு திரும்பியது.
தாடகை மலை ஜன்னலுக்குள் வருது பாருங்க என்று
கீழே நின்று கூவினார்.
வந்திருக்கலாம்.
எனக்குத் தெரிந்தது வானம்.
எக்கி நின்றாலும் வானம்.
ஜன்னலின் அடிவிளிம்பு என் நெற்றிக்கு ஒரு சாண் மேலே.
கொக்கி, ஸ்விட்ச், அலமாரித் தட்டு எல்லாம்
வேறு யாரோ கைக்கு எட்டும் இடத்தில்.

அப்போதுதான் அவனை அடையாளம் தெரிந்தது.
படத்தில் நின்றவன். ஆறடி.
பைக்குள்ளிருந்து கையை எடுக்கத் தேவையே வராதவன்.
முதுகு வலிக்காதவன், சட்டி கழுவாதவன்,
ஒருவரிடமும் கடன் கேட்காதவன்.
தனிமனிதன் தனிமனிதன் என்று
இரண்டு வருசமாய் ஆல்வின் சொன்னது இவனைத்தான்.
நான் நாலடி பத்தங்குலம்.
ஈயக்கவசம் சுமந்து
இடது தோள் கொஞ்சம் இறக்கம்.

சொன்னதும் அவர் முகம் வெளிறியது.
இடித்துவிடலாம், உங்களையே அளந்து
அங்குலம் பிசகாமல் மறுபடி கட்டலாம், என்று
டேப்பை இழுத்தார்.
அசையாமல் நின்றேன்.
மூச்சைப் பிடித்தேன்.
தோளில் இரும்பு நாக்கு சில்லென்று பட்டது.
வேண்டாம் என்றேன்.
எழுபதில் நான் குனிவேன்,
அன்றைக்கும் வீடு
இன்றைய என்னைப் போல நிமிர்ந்து நின்றுகொண்டிருக்கும்.

மறுநாள் கருப்பட்டிக் காப்பியோடு
தரையில் எனக்குத் தோதான இடத்தில் உட்கார்ந்தேன்.
விரல் தடிமன் சுவர்.
இங்கேயா, என்றான் ஏசாயா, கிரைண்டரோடு.
இன்னும் கொஞ்சம் கீழே.
கோணலாய் வந்தது ஒரு ஓட்டை,
பிலாக்காய் அளவு.
அதில் மலை தெரியாது.
தண்டவாளம், எருக்கு,
ரயில்வே கேட்காரரின் ஆடு ஒன்று, சில நாள் இரண்டு.
காற்றாலை இறக்கையின் நிழல்
மடியில் ஏறி இறங்கிப் போகிறது.

மேல் ஜன்னலை அடைக்கவில்லை.
ராத்திரி வீடு முனகித் திரும்பும்போது
அவன் அங்கே நின்று
மலையைப் பார்த்துக்கொள்ளட்டும்,
பைக்குள் கையோடு.